இரும்பிலிருந்து காற்றுக்கு: வயலில் இறங்கிய சக்கரத்தின் வரலாறு

சாலையில் ஓடும் வண்டிக்கும் வயலில் ஓடும் வண்டிக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு எஞ்சினில் இல்லை. சக்கரத்துக்குக் கீழே இருக்கிறது. சாலை என்பது சக்கரத்தைத் தாங்குவதற்கென்றே இறுக்கிப் போடப்பட்ட தரை. வயலோ வேர் இறங்குவதற்காகவும் மழைநீர் உள்ளே செல்வதற்காகவும் இளக்கி வைக்கப்பட்ட மண். ஆகவே வேளாண் வண்டியின் சக்கரம் கலப்பையை இழுக்கும் அளவுக்கு மண்ணை அழுத்திப் பற்றவும் வேண்டும், அதே மண்ணை நசுக்காமல் விடவும் வேண்டும். ஏறத்தாழ 170 ஆண்டுகளாகப் பொறியாளர்களும் உழவர்களும் மரம், இரும்பு, ரப்பர், காற்று என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து இந்த முரணைத் தணித்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறை தணிந்தபோதும் அதில் கிடைத்த வசதியை இன்னும் கனமான இயந்திரம் ஒன்று வந்து எடுத்துக்கொண்டது என்பதே இந்த வரலாற்றின் சாரம்.

மாட்டு வண்டியின் சக்கரத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. குடம், ஆரக்கால், வட்டை என்று மரத்தால் செய்து, சூடாக்கிய இரும்புப் பட்டையை வெளிவிளிம்பில் ஏற்றிக் குளிரவைத்து இறுக்கிய அந்தச் சக்கரம் உருண்டால் போதும். மண்ணைப் பற்றி இழுக்கும் வேலை மாட்டின் குளம்புகளுடையது. இழுக்கும் ஆற்றல் விலங்கின் காலிலிருந்து வண்டிக்குள் ஏறிய நாளில்தான் சக்கரத்தின் தொழில் மாறியது. அதுவரை இழுபட்டுக்கொண்டிருந்த சக்கரம் அன்று முதல் இழுக்க வேண்டியதாயிற்று.

நீராவி எஞ்சினின் காலத்தில் இந்த மாற்றத்தைச் சமாளிக்க முடியவில்லை என்பதே உண்மை. கொதிகலனும் நீரும் நிலக்கரியுமாகப் பல டன் எடையுள்ள எஞ்சின் ஈர வயலில் இறங்கினால் புதைந்தது. புதையாத இடத்திலோ மண்ணைக் கட்டாந்தரையாக்கியது. இங்கிலாந்தின் ஜான் ஃபௌலர் எஞ்சினை வயலில் இறக்காமலே உழும் முறையைக் கையாண்டார். வரப்போரத்தில் எஞ்சினை நிறுத்தி, இரும்பு வடத்தின் மூலம் கலப்பையை மட்டும் வயலின் குறுக்கே இழுக்கும் அந்த ஏற்பாட்டுக்கு, 1858-இல் இங்கிலாந்தின் ராயல் வேளாண் சங்கம் 500 பவுண்டு பரிசளித்தது. மண்ணின் நலம் என்ற நோக்கிலிருந்து பார்த்தால், பின்னாளில் வந்த எந்த டிராக்டரையும்விட இந்த ஏற்பாடு மேலானது என்றே சொல்ல வேண்டும். ஆனால் வடமும் ஆட்களும் எஞ்சின்களும் சேர்ந்து ஆன செலவு பெரும்பண்ணைகளுக்கே கட்டுப்படியாயிற்று. அதற்கு முன்பே ஜேம்ஸ் பாய்டெல் என்ற மற்றோர் ஆங்கிலேயர், சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி அகன்ற பலகைகளைப் பொருத்தி, சக்கரம் உருள உருள ஒவ்வொரு பலகையும் தரையில் படிந்து பாதையாகும் அமைப்புக்கு 1846-இல் காப்புரிமை பெற்றிருந்தார். பலகைகள் தடதடத்து விரைவில் தேய்ந்தன என்றாலும், எடையைக் குறைக்க முடியாவிட்டால் அது தரையில் படும் பரப்பைக் கூட்ட வேண்டும் என்ற கணக்கை அவர் சரியாகவே பிடித்திருந்தார்.

அந்தக் கணக்கு அதன் எல்லைவரை இழுக்கப்பட்ட இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. அங்கே சான் வாகீன் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள நிலம், மட்கிய தாவரப் பொருள் நிறைந்து மெத்தென்று அழுந்தும் கரிமண். ஸ்டாக்டன் நகரில் இயந்திரங்கள் செய்துவந்த பெஞ்சமின் ஹோல்ட், அந்த மண்ணில் புதையாமல் இருப்பதற்காகத் தம் நீராவி டிராக்டரின் சக்கரங்களை அகலமாக்கிக்கொண்டே போனதில், ஒரு வண்டியின் மொத்த அகலம் 46 அடியை எட்டியது. இதற்குமேல் அகலப்படுத்த வழியில்லாத நிலையில் அவர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரக்கட்டைகள் பொருத்திய முடிவில்லாச் சங்கிலிப் பட்டைகளை இருபுறமும் மாட்டி, 1904 நவம்பர் 24 அன்று ஓட்டிப் பார்த்தார். பரப்பை அகலவாக்கில் கூட்டுவதற்குப் பதிலாக நீளவாக்கில் கூட்டிய இந்த ஊர்பட்டை, கரிமண்ணில் புதையாமல் சென்றது. ஹோல்டின் நிறுவனமும் அதன் போட்டி நிறுவனமான பெஸ்ட்டும் 1925-இல் இணைந்து கேட்டர்பில்லர் ஆயின. எனினும் ஊர்பட்டை விலை மிகுந்தது, மெதுவானது, அதன் கண்ணிகள் மணலிலும் சேற்றிலும் தேய்ந்துகொண்டே இருப்பவை; சாதாரண உழவருக்கு அது எட்டவில்லை.

அவருக்குக் கிடைத்தது இரும்புச் சக்கரம்தான். ஹென்றி ஃபோர்டு 1917-இல் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய ஃபோர்ட்சனும், வரிசைப் பயிர்களுக்கு நடுவே ஓடுவதற்கென்று 1924-இல் சந்தைக்கு வந்த ஃபார்மாலும் இரும்புச் சக்கரங்களோடுதான் வயலில் இறங்கின. பின்சக்கரத்தின் விளிம்பில் ஆப்பு வடிவிலோ கூர்முனையாகவோ இரும்புப் பற்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவை மண்ணில் குத்தி இறங்கிப் பிடிப்பைக் கொடுத்தன. ஆனால் இறங்கிய ஒவ்வொரு பல்லும் வெளியேறும்போது ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்தெடுத்தது, அதற்கான ஆற்றல் முழுவதும் கலப்பைக்குப் போகாமல் வீணாயிற்று. கெட்டித் தரையில் அதே பற்கள் வண்டியை உதறின. அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்கு எந்த மெத்தையும் இல்லாததால் ஓட்டுநரின் முதுகும் வண்டியின் பல்சக்கரங்களும் ஒருங்கே சிதைந்தன. நடக்கும் வேகத்துக்குச் சற்று மேலே போனாலே நிலை இதுதான். தார்ச்சாலைகள் பெருகத் தொடங்கிய காலம் அது. சாலையைக் கொத்திக் கிழிக்கும் பல் சக்கரங்களை அமெரிக்காவில் பல இடங்களில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஒரே உழவரின் இரண்டு வயல்களுக்கு நடுவே சாலை ஓடினால் அதைக் கடப்பதே ஒரு வழக்காயிற்று.

வியப்பு என்னவென்றால், இதற்கான தீர்வு அப்போதே பழையதாகியிருந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்கு 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அது மறக்கப்பட்ட பிறகு, பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் அதை மீண்டும் கண்டறிந்து மிதிவண்டிக்குப் பொருத்தினார். காரும் லாரியும் காற்று டயருக்கு மாறி ஒரு தலைமுறை கடந்தும் டிராக்டர் இரும்பிலேயே நின்றதற்குக் காரணம் இருந்தது. அன்றைய லாரி டயர்கள் ஒடுக்கமானவை. உயர்ந்த அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டவை. அவை வயலில் இரும்புச் சக்கரத்தைப் போலவே புதைந்தன, ஈரமண்ணில் அதைவிட மோசமாக வழுக்கின. ரப்பர் வயலுக்கு ஆகாது என்று உழவர்கள் முடிவு கட்டியதில் பிழையில்லை. அவர்கள் பார்த்த ரப்பர் அப்படிப்பட்டது.

முதல் விலகல் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகளில் நேர்ந்தது. அங்கே இரும்புப் பற்கள் மரங்களின் மேல்வேர்களை வெட்டியதால், 1928 வாக்கில் சில தோப்புக்காரர்கள் கழித்துப் போட்ட லாரி டயர்களின் மேலுறைகளைக் காற்றில்லாமலே இரும்புச் சக்கரத்தின்மேல் மாட்டி ஓட்டினார்கள். அலிஸ்-சால்மர்ஸ் என்ற டிராக்டர் நிறுவனத்தின் பொறியாளர்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஒரு படி மேலே போய், விமானத்தின் அகன்ற, மென்மையான டயர்களை டிராக்டரில் பொருத்தி, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டுக்கும் குறைவான அழுத்தத்தில் காற்றடைத்துப் பார்த்தார்கள். அது வேலை செய்தது. 1932-இல் அந்நிறுவனம் காற்று டயரோடு கூடிய டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் டயர் தொழிலதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோன் ஒஹையோவிலிருந்த தம் பண்ணையில் சோதித்து, வயலுக்கென்றே மேடுகள் அமைத்த டயரை உருவாக்கினார்.

விமான டயர் வென்று லாரி டயர் தோற்றதன் காரணம் எளியது. காற்று டயர் தரையில் படும்போது தட்டையாகிப் பரவுகிறது. எடை முழுவதும் தாங்கப்படும் அளவுக்குப் பரப்பு விரிந்ததும் நின்றுவிடுகிறது. எனவே டயர் மண்ணின்மேல் செலுத்தும் அழுத்தம், டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். டயரின் சுவர் தடிப்புக்கேற்பச் சற்றுக் கூடலாம். 12 பவுண்டு காற்று அடைத்தால் மண்ணும் ஏறத்தாழ அவ்வளவு அழுத்தத்தையே உணர்கிறது. 60 பவுண்டு அடைத்தால் சக்கரம் புதையும்வரை அமுங்குகிறது. வேளாண் டயரைப் பற்றி அறிய வேண்டிய ஒரே விதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

விதி சரியாக இருந்தாலும் உழவர்களின் ஐயம் போகவில்லை. தாள்கட்டை குத்திப் பஞ்சராகும், ஈரத்தில் வழுக்கும், விலையும் கூடுதல் என்று அவர்கள் தயங்கியபோது, அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் ஊர்ச் சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் டிராக்டர் பந்தயம் நடத்தியது. புகழ்பெற்ற கார் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்ட் 1933-இல் மணிக்கு 64 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். உழவுக்கும் அந்த வேகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் விளம்பரம் பலித்தது. அதைவிட நம்பத்தக்க சான்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. விற்பனைக்கு வரும் டிராக்டர்களைச் சட்டப்படி சோதித்து அறிக்கை வெளியிடும் அந்த நிலையம், 1934-இல் அலிஸ்-சால்மர்ஸின் டபிள்யூ.சி. டிராக்டரை ரப்பர் டயரோடும் இரும்புச் சக்கரத்தோடும் சோதித்தது. அக்காலச் சோதனைகளில் ரப்பர் டயர் எரிபொருளில் ஏறத்தாழக் கால் பங்கு வரை மிச்சப்படுத்தியது. 1930-களின் இறுதிக்குள் அமெரிக்காவில் விற்ற புதிய டிராக்டர்களில் மிகப் பெரும்பாலானவை காற்று டயருக்கு மாறிவிட்டன. 1942-இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானின் கைக்குப் போய் ரப்பர் வரத்து நின்றபோது, அமெரிக்கத் தொழிற்சாலைகள் வேறு வழியின்றிச் சில காலம் மீண்டும் இரும்புச் சக்கரங்களைப் பொருத்தி டிராக்டர்களை அனுப்பின.

டயரின் விளைவு வயலோடு நிற்கவில்லை. இரும்புச் சக்கர டிராக்டரால் உழ முடியுமே தவிர, விளைச்சலை ஏற்றிச் சந்தைக்குப் போக முடியாது. அதற்காக உழவர் குதிரைகளையும் வைத்திருக்க வேண்டியிருந்தது. ரப்பர் டயர் வந்தபின் ஒரே வண்டி காலையில் உழுது மாலையில் சுமையேற்றிச் சாலையில் ஓடியது. அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து குதிரையை வெளியேற்றியதில் எஞ்சினுக்கு உள்ள பங்கை எல்லோரும் பேசுகிறார்கள். டயருக்கு உள்ள பங்கு பேசப்படுவதில்லை.

அதன்பின் வந்த மேம்பாடுகள் நுணுக்கமானவை. டிராக்டர்காரர்கள் பட்டன் என்று குறிப்பிடும் ரப்பர் மேடுகள் பின்டயரில் சாய்வாக, நடுவில் கூடும் அம்புமுனை வடிவில் அமைந்திருப்பது அழகுக்காக அன்று. அம்பின் முனை முதலில் தரையைத் தொட்டு, சேற்றை இருபுறமும் வெளியே தள்ளுவதால் பள்ளங்கள் தாமே துப்புரவாகின்றன. டயரைத் திருப்பி மாட்டினால் சேறு நடுவில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இரு சக்கர இயக்கமுள்ள டிராக்டரின் முன்டயர் இழுப்பதில்லை, திருப்புகிறது. அதனால்தான் அதில் குறுக்கு மேடுகளுக்குப் பதிலாகச் சுற்றுவாக்கில் ஓடும் வரிமேடுகள் இருக்கின்றன. கலப்பையை இழுக்கும்போது வண்டியின் எடை பின்னோக்கிச் சாய்வதால் அதைத் தாங்கும் பின்சக்கரம் பெரிதாயிற்று. பெரிய விட்டமுள்ள சக்கரம் மண்ணில் குறைவாகப் புதைந்து எளிதாக உருளும் என்பதும் அதற்குச் சேர்ந்துகொண்டது. பிடிப்பு போதாத இடத்தில் பின்டயருக்குள் முக்கால் பங்குவரை நீர் நிரப்பி எடை கூட்டும் பழக்கமும் வந்தது. குளிர்நாடுகளில் அந்த நீர் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கரைத்து ஊற்றினார்கள், அது ரிம்மைத் துருப்பிடிக்க வைத்தது. சக்கரம் சிறிதும் வழுக்காமல் இருப்பதே நல்லது என்று தோன்றலாம். ஆனால் ஓரளவு வழுக்கல், உழவு நிலத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து வரை, இருப்பதே எரிபொருளுக்குச் சிக்கனம். வழுக்கலே இல்லையென்றால் வண்டி தேவைக்கு மேல் எடையைச் சுமந்து திரிகிறது என்று பொருள்.

இரண்டாவது பெரிய மாற்றம் டயரின் உள்ளமைப்பில் நிகழ்ந்தது. பழைய வகை டயரில் நூலிழை அடுக்குகள் கூடை முடைவதைப் போல ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து ஓடுவதால், பக்கச் சுவரும் தரையில் படும் பகுதியும் ஒரே கட்டாக விறைத்து நிற்கும். மிஷெலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுகின்றன. தரையில் படும் பகுதியை மட்டும் தனிப் பட்டைகள் இறுக்கிப் பிடிக்கின்றன. பக்கச் சுவர் தாராளமாக வளைவதால் டயர் நீளவாக்கில் கூடுதலாகப் படிகிறது. காரில் வெற்றிபெற்ற இந்த அமைப்பு பின்னர் டிராக்டருக்கும் வந்தது. 2000-க்குப் பின் அறிமுகமான மிகுநெகிழ்வு டயர்கள், அதே எடையை 40 விழுக்காடு குறைந்த அழுத்தத்தில் சுமக்கக்கூடியவை. இந்தியாவில் ஓடும் டிராக்டர்களிலோ பெரும்பாலும் குறுக்கிழை டயர்களே இருக்கின்றன. டயரின் பக்கத்தில் 13.6-28 என்று பொறித்திருந்தால் அகலம் 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம், இடையில் உள்ள சிறுகோடு குறுக்கிழை வகை என்பதைக் குறிக்கும்; ரேடியலாக இருந்தால் கோட்டுக்குப் பதில் ஆர் என்ற ஆங்கில எழுத்து நிற்கும்.

நெல் வயல் இந்தக் கணக்குகளுக்கு விலக்கு. சேற்றுழவில் மண்ணைக் குழம்பாக்குவதே நோக்கம். குழம்புக்குக் கீழே இறுகிப்போன ஓர் அடுக்கு உருவானால்தான் நீர் வடியாமல் நிற்கும். காவிரிப் படுகையில் பின்டயரோடு சேர்த்தோ டயருக்குப் பதிலாகவோ மாட்டப்படும் கேஜ் வீல், இரும்புக் கோணங்களைக் கூண்டாகப் பற்றவைத்த சக்கரம். வண்டியைச் சேற்றில் தாங்குவதோடு அதுவே உழவுக் கருவியாகவும் ஆகிறது. அதைக் கழற்றாமல் தார்ச்சாலையில் ஓட்டினால் சாலை பெயர்கிறது. நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் எழுந்த அதே பிணக்கு இங்கே இன்னும் நடக்கிறது. அறுவடையில் டயர் இயந்திரமா, பெல்ட் இயந்திரமா என்ற தேர்வும் ஹோல்ட் எதிர்கொண்ட அதே கேள்விதான்: காய்ந்த வயலில் டயர் போதும், வாடகையும் குறைவு, மழை பெய்து ஊறிய வயலில் ரப்பர் பட்டையில் ஊரும் இயந்திரம் மட்டுமே இறங்க முடியும். ஆனால் நெல்லுக்கு உதவும் அடிமண் இறுக்கம், அதன்பின் விதைக்கும் உளுந்துக்கும் பருத்திக்கும் இடைஞ்சல்.

மேலை நாடுகளில் இன்று எழுந்துள்ள கவலை இந்த அடிமண் பற்றியதே. மண்ணை ஆராயும் தாமஸ் கெல்லர், டானி ஓர் ஆகிய இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தானியம் நிரம்பிய அறுவடை இயந்திரத்தின் எடை 1958-இல் ஏறத்தாழ 4 டன்னாக இருந்து 2020-இல் 36 டன்னாக உயர்ந்திருக்கிறது. தரையில் வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவையான டைனோசர்களின் எடையை இவை நெருங்குகின்றன. டயர்கள் அதற்கேற்ப அகன்றும் மென்மையாகியும் வந்ததால் மேல்மண் உணரும் அழுத்தம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் அழுத்தம் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது காற்றின் அளவு அன்று, அச்சின்மேல் உள்ள மொத்த எடை. பரப்பைக் கூட்டினால் மேல்மண் தப்பும். கலப்பைக்கு எட்டாத ஆழத்தில் உள்ள மண் தப்பாது. உலகின் விளைநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஆபத்தில் இருப்பதாக அவர்கள் கணிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் சேதத்தைத் தவிர்த்துக் கண்ணுக்குத் தெரியாத சேதத்தை வளர்த்ததில் நல்ல டயருக்கும் பங்குண்டு என்பது கசப்பான முடிவுதான். புதைந்து நின்றிருந்தால் அந்த இயந்திரங்களை யாரும் இவ்வளவு கனமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

கேட்டர்பில்லர் 1980-களின் பிற்பகுதியில் சாலையிலும் ஓடக்கூடிய ரப்பர் ஊர்பட்டையை டிராக்டருக்குக் கொண்டுவந்தது. அது மேல்மண்ணுக்கு உதவியது, எடையைக் குறைக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் சிலர் செயற்கைக்கோள் வழிகாட்டலோடு எல்லா இயந்திரங்களையும் ஆண்டுதோறும் ஒரே தடங்களில் மட்டும் ஓட்டுகிறார்கள். ஓரிடத்தில் சக்கரம் முதல்முறை ஏறும்போதே இறுக்கத்தின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுவதால், ஏற்கெனவே மிதிபட்ட தடத்தில் மீண்டும் ஓடுவது புதிய இடத்தை மிதிப்பதைவிடக் குறைந்த கேடு. இந்த முறை இருப்பவற்றில் அறிவார்ந்தது.

சொந்த டிராக்டரோ வாடகை டிராக்டரோ வைத்து உழுபவர் இவற்றுக்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. சாலையில் சுமை இழுப்பதற்காக ஏற்றிய காற்றோடு அப்படியே வயலில் இறங்காமல், டயர் நிறுவனம் உழவுக்கென்று குறித்த அளவுக்கு அதைக் குறைத்துக்கொள்ளலாம். உழவு முடிந்து சாலைக்கு ஏறும்போது மீண்டும் அடைக்கலாம். புழுதி உழவுக்கு உரிய நிலத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து, அது உதிராமல் உருண்டையாகத் திரண்டால், வண்டியை இறக்காமல் ஈரம் காயும்வரை பொறுத்திருங்கள்.